பிள்ளையின் பொருளும் பெற்றோரின் பொறுப்பும்

இன்று வெள்ளிக்கிழமை. நம் இல்லங்கள் பலவற்றில் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயம் ஓதப்பட்டிருக்கும். ஓதிய தாய்மார்களே, பெரியவர்களே! மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் மேற்கொண்ட பயணத்தின் இறுதிக் காட்சியை நீங்கள் இன்றும் கடந்து வந்திருப்பீர்கள். பசியோடு ஓர் ஊருக்குள் நுழைகிறார்கள் இருவரும். உணவு கேட்கிறார்கள், அவ்வூரார் விருந்தளிக்க மறுத்துவிடுகிறார்கள். அங்கே இடிந்து விழும் நிலையில் ஒரு சுவர் நிற்கிறது. ஹிள்ரு (அலை) அவர்கள் அதனை நிமிர்த்தி வைக்கிறார்கள். கூலியேனும் பெற்றிருக்கலாமே என்கிறார்கள் மூஸா (அலை) அவர்கள். பிரியும் வேளையில்தான் விளக்கம் கிடைக்கிறது. அச்சுவர் அவ்வூரிலிருந்த இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அதன் கீழே அவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்களின் தந்தை நல்லவராக வாழ்ந்தவர். அச்சிறுவர்கள் பருவம் எய்தித் தங்கள் பொருளைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டுமென்று இறைவன் நாடினான்.

இவ்வரலாற்றை எடுத்துரைக்கும் நாங்கள், தந்தையின் நற்செயல் பிள்ளைகளைக் காக்கும் என்ற கருத்தையே பெரும்பாலும் வலியுறுத்துவோம். அது உண்மைதான். ஆயினும், இவ்வரலாற்றில் புதையல் என்ற ஒன்றும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. அது பொன்னும் வெள்ளியும் என்று விரிவுரையாளர் பலர் கூறுவர். அறிவுரை பொறித்த பலகை என்று கூறியோரும் உண்டு. எதுவாயினும், பிள்ளைகளுக்கென ஒரு பொருள் இருந்தது. அதைக் காத்தவர் கூலி கேட்கவில்லை. பாதுகாப்பதாகச் சொல்லித் தோண்டி எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளவுமில்லை. உரியவர்கள் உரிய வயதை அடையும்வரை அது தொடப்படாமல் இருந்தது. ‘தொடப்படாமல்’ என்ற இச்சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

பிள்ளையின் எதிர்காலத்திற்காகப் பொருள் சேர்ப்பது பற்றிப் பேசினாலே, “உணவளிப்பவன் அல்லாஹ், பிறந்த பிள்ளைக்கு அவன் பார்த்துக்கொள்வான்” என்று சிலர் வாயை அடைத்துவிடுகின்றனர். தவக்குல் என்னும் உயர்ந்த சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவது நியாயமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைவிட இறைவன்பால் நம்பிக்கை கொண்டவர் எவர்? அவர்கள் பனூநளீர் தோட்டங்களிலிருந்து கிடைத்த விளைச்சலில் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து நாட்டிற்கு வகுத்துக் கொடுத்ததும், ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்து அடுத்த ஏழாண்டுப் பஞ்சத்தை வெல்லும் திட்டமே அன்றோ!

இதில் நமக்கு நேரடியான தீர்ப்பைத் தருவது ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறு. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ்ஜின்போது, மக்காவில் ஸஅது (ரலி) அவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். நலம் விசாரிக்க வந்த பெருமானாரிடம், தமக்குச் செல்வம் இருப்பதையும் வாரிசாக ஒரே ஒரு மகள் மட்டுமே இருப்பதையும் கூறி, செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் பெருமானார். பாதி? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு? அதற்கு இசைந்த நாயகம் (ஸல்) அவர்கள், அதுவே அதிகம்தான் என்று கூறிவிட்டு, வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலையில் அவர்களை விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேலானது என்ற கருத்தை அருளினார்கள். தர்மத்தை இத்தனை வலியுறுத்திய திருநாவு, ஒரு மகளின் பங்குக்காகத் தர்மத்திற்கே எல்லை வகுத்தது! ஸஅது (ரலி) அவர்கள் அந்நோயிலிருந்து எழுந்தார்கள். காதிஸிய்யாவில் படை நடத்தினார்கள். கூஃபா நகரை அமைத்தார்கள். பின்னர் ஆண்மக்களும் பெண்மக்களும் அவர்களுக்குப் பிறந்தனர். அன்று மரணப் படுக்கை என்று எண்ணியதில் அவர்கள் கேட்ட கேள்வியை, உடல் நலமும் உழைக்கும் வலிவும் உள்ள இன்றே நாம் கேட்டுக்கொள்ளலாம்.

எப்போது தொடங்குவது? பிள்ளை பிறந்த ஏழாம் நாளில் தலைமுடி இறக்கி, அம்முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறோம். தராசு வீட்டுக்குள் வந்துவிட்ட அந்த நாளே தொடங்குவதற்கு ஏற்ற நாள் என்பேன்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். பிறந்த மாதத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் ஒதுக்குபவர் 18 ஆண்டு முடிவில் 2,16,000 ரூபாய் ஒதுக்கியிருப்பார். பிள்ளைக்கு 12 வயதான பின் விழித்துக்கொள்பவர் அதே தொகையை ஆறே ஆண்டுகளில் சேர்க்க மாதம் 3,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். அதுவும் பள்ளிக் கட்டணமும் மூத்த பிள்ளையின் திருமணமும் ஒருங்கே நெருக்கும் காலத்தில். இதில் வட்டியுமில்லை, வித்தையுமில்லை. காலம் ஒன்றுதான் வேறுபாடு. மாதம் ஆயிரம் இயலாத குடும்பங்கள் நம்மில் பல. நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் 18 ஆண்டில் 65,000 ரூபாயைத் தாண்டும். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே இறைவனுக்கு உவப்பானது என்ற நபிமொழியைத் தொழுகைக்கும் திக்ருக்கும் மட்டும் உரியதாக நாம் ஏன் சுருக்கிவிட்டோம்?

சேர்ப்பதைக் காட்டிலும் காப்பதில்தான் நாம் தவறுகிறோம். அகீகா விருந்துக்கு வந்தவர்கள் குழந்தையின் பிஞ்சுக் கைக்குள் நோட்டைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். பாட்டிமார் மோதிரமும் காப்பும் போடுகிறார்கள். இரு பெருநாட்களிலும் பிள்ளைகளின் சட்டைப்பை நிரம்புகிறது. மாலையானதும், “உம்மாவிடம் கொடு, பத்திரமாக வைத்திருக்கிறேன்” என்று வாங்குகிறோம். அந்தப் பத்திரத்தின் கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்! மறுவாரம் எரிவாயு உருளை வந்தபோது அது கரைந்திருக்கும்.

அப்பணம் யாருடையது? கொடுத்தவர் பெற்றோருக்கு உதவும் எண்ணத்தில், பிள்ளையின் கையை வெறும் வழியாகக் கொண்டு கொடுத்திருந்தால் அது பெற்றோருடையது. இதில் ஊர் வழக்கத்தைக் கவனித்தே சட்ட அறிஞர்கள் முடிவு கூறுவர். ஆனால் பிள்ளைக்கென்றே கொடுத்த பெருநாள் காசும், பிள்ளையின் விரலில் போட்ட மோதிரமும் பிள்ளையின் உடைமை. பால்குடிக்கும் குழந்தையும் ஷரீஅத்தின் பார்வையில் ஒரு சொத்தின் உரிமையாளனே. தந்தை அதன் பொறுப்பாளர். அவருடைய கை அங்கே அமானிதக் கை.

“நீயும் உன் பொருளும் உன் தந்தைக்கு உரியவை என்று ஹதீஸ் இருக்கிறதே” என்று கேட்கும் தந்தையரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்க்கத்தில் வேறெதுவும் தெரியாதவர்க்கும் இந்த ஒன்று மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் இதைக் கடமையும் நன்றியும் பற்றிய சொல்லாகவே கொண்டனர். வறுமையுற்ற தந்தை தன் தேவையளவுக்கு மகனின் பொருளிலிருந்து உண்ணலாம் என்றனர். மகனின் பொருளெல்லாம் தந்தையின் சொத்து என்று கூறினாரில்லை. அதற்கு அவர்கள் காட்டும் சான்று மிக நுட்பமானது. பிள்ளைகளை விட்டு மகன் இறந்துபோனால், அவனுடைய தந்தைக்கு ஆறில் ஒரு பங்கு என்று திருக்குர்ஆன் அளந்து கொடுக்கிறது. அனைத்தும் ஏற்கெனவே அவருடையதாக இருந்திருந்தால், ஆறில் ஒன்று எதற்கு?

இதை எழுதும் தகுதி எனக்கு எளிதில் வந்ததன்று. 1998-இல் என் மூத்த மகள் பிறந்தபோது, என் மாமியார் அரைப் பவுனில் ஒரு மோதிரம் கொண்டுவந்து அவள் விரலில் போட்டார். அன்றைய விலையில் அது இரண்டாயிரம் ரூபாய்கூடப் பெறாது. அவ்வாண்டு வாடகை வீடு மாற நேர்ந்தது, முன்பணம் போதவில்லை. மோதிரத்தை விற்றேன். பிறகு செய்து போடலாம் என்று என் வீட்டாரிடம் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி எழுதி வைத்தார். ஆண்டுகள் சென்றன. மதரஸாவில் ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கையை விளக்கி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஹஸ்ரத், தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளையின் பொருளைத் தகப்பனே எடுத்தால்?” என்று கேட்டான். சட்டத்தை விளக்கினேன்; அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்று பதிலும் கூறினேன். அன்று பிற்பகல் வீட்டுக்குப் போனதும் அந்த நோட்டுப் புத்தகத்தைத் தேடினேன்.

சரி, தொடாமல் வைத்துவிட்டால் போதுமா? போதாது. அலமாரியில் பூட்டிய பணம் அப்படியே இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். விலைவாசி அதைச் சத்தமின்றி அரித்துவிடுகிறது. ஜகாத்தின் கணக்கும் உண்டு. சிறுவரின் செல்வம் நிஸாபை எட்டினால் அதற்கு ஜகாத் கடமை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பொறுப்பாளர் அப்பொருளிலிருந்தே அதைக் கொடுத்துவர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பருவமடையும்வரை பொன், வெள்ளி, ரொக்கம் ஆகியவற்றின் மீது கடமையில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ குடும்பத்தாரும் உள்நாட்டு ஹனஃபி குடும்பத்தாரும் இதைத் தத்தம் மத்ஹபின்படி தெரிந்து வைத்துக்கொள்வது நலம். பத்து லட்சம் ரூபாயை வளர்க்காமல் வைத்து ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு கொடுத்துவந்தால், 18 ஆண்டில் அது ஏறத்தாழ 6,34,000 ரூபாயாகக் குறைந்துவிடும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இதைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். அநாதைகளின் பொருளை ஜகாத் உண்டு தீர்த்துவிடாதிருக்க, அதனைக் கொண்டு வாணிபம் செய்யுங்கள் என்ற கருத்தில் அவர்கள் ஆணையிட்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் ‘முவத்தா’வில் பதிவு செய்துள்ளார்கள். அதே நூலில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நடைமுறையும் இருக்கிறது. அன்னையின் சகோதரர் முஹம்மது இப்னு அபூபக்ர் ஹிஜ்ரி 38-இல் எகிப்தில் கொல்லப்பட்டபின், அவருடைய மகன் காஸிம் அத்தையாகிய அன்னையின் இல்லத்தில் வளர்ந்தார். அநாதைகளான அவருடைய பொருளுக்கும் அவர்தம் உடன்பிறந்தவருடைய பொருளுக்கும் அன்னை ஜகாத் கொடுத்துவந்தார்கள். தம் பொறுப்பிலிருந்த அநாதைகளின் செல்வத்தை, அவர்களுக்காக வாணிபம் செய்யக்கூடியவர்களிடம் ஒப்படைத்து வளர்த்தார்கள். அந்தக் காஸிம்தான் பின்னாளில் மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவராக விளங்கினார். பெண்களுக்குப் பொருளைக் கையாளத் தெரியாது என்று கூறுவோர் இதைச் சற்று நின்று படிக்கட்டும்.

ஆகவே வளர்ப்பதும் கடமையின் ஒரு பகுதி. எங்கே, எப்படி என்பதுதான் நம் காலத்துக் கேள்வி. வங்கியின் வைப்புத்தொகை, அஞ்சலகச் சேமிப்பு, பெண்குழந்தைகளுக்காக 2015-இல் வந்த அரசுச் சேமிப்புத் திட்டம் ஆகியவை பாதுகாப்பானவைதாம். ஆயினும் அவை தருவது முன்கூட்டியே விகிதம் குறித்த வட்டி. பிள்ளைக்கு ஊட்டும் கவளத்தில் அதைக் கலக்கக் கூடாது. பணத்தைப் பாதுகாப்பாக வைக்க வங்கிக் கணக்கு தேவைப்படுகிறது. அதில் தானாக வந்து சேரும் வட்டியை, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து விலக்கிவிடுமாறு ஆலிம்கள் கூறுகிறார்கள்.

வட்டியில்லாமல் சிறுசேமிப்பு நடக்குமா என்று ஐயுறுவோருக்கு மலேசியாவைக் காட்டலாம். நம்மவர் உறவினர் பலர் தலைமுறைகளாக வாழும் நாடு அது. அங்கே ஹஜ்ஜுக்குப் போக விரும்பிய கிராமத்து மக்கள் காசைத் தலையணைக்கடியிலும் பானையிலும் வைத்துக் காத்தனர். நிலத்தையும் கால்நடையையும் விற்றுப் புறப்பட்டுத் திரும்பியபின் வறியவராயினர். பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959-இல் முன்வைத்த திட்டத்தின் அடிப்படையில், 1963-இல் அவர்களுக்கென ஒரு சேமிப்பு நிறுவனம் தொடங்கியது. இன்று தாபுங் ஹாஜி என்ற பெயரில் விளங்கும் அது, மக்களின் சிறுதொகைகளைத் திரட்டித் தொழிலிலும் நிலத்திலும் முதலீடு செய்து இலாபத்தைப் பகிர்கிறது. பெற்றோர் சிறுபிள்ளைகளின் பெயரிலும் அங்கே கணக்குத் தொடங்குகின்றனர். அதே 1963-இல் எகிப்தின் மீத் கம்ர் என்னும் ஊரில் அஹ்மது அந்நஜ்ஜார் உழவர்களுக்காக வட்டியற்ற சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளே அது நடந்ததாயினும் பின்வந்த பலவற்றுக்கு முன்னோடி ஆயிற்று.

நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை என்று கைகட்டி இருப்பதற்கில்லை. பிள்ளைக்கென ஒரு துண்டு நிலம், வாடகை வரும் சிறு கடையில் ஒரு பங்கு, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைக்கும் பொன் நாணயம் ஆகியவை நம் முன்னோர் அறிந்த வழிகள். பங்குச் சந்தையிலும், மது, சூது, வட்டித் தொழில் ஆகியவற்றை விலக்கி, கடன் மிகுந்த நிறுவனங்களையும் தள்ளிவிட்டுத் தெரிந்தெடுத்த பட்டியல்கள் உள்ளன. மும்பைப் பங்குச் சந்தையில் 2010-இலேயே அத்தகைய குறியீடு ஒன்று அறிமுகமாயிற்று. ஏற்ற இறக்கம் அதற்கு உண்டு. பதினைந்து ஆண்டு காத்திருக்கக்கூடிய பணத்திற்கே அது பொருந்தும். அடுத்த ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்தை அங்கே கொண்டுபோய் வைப்பவரை நான் தடுப்பேன்.

நேர்மையான ஒரு வணிகரோடு முளாரபா முறையில் கூட்டுச் சேர்வது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழிக்கு மிக நெருங்கியது. முதல் பிள்ளையுடையது, உழைப்பு வணிகருடையது, இலாபத்தில் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். நட்டம் வந்தால் அது முதலைச் சாரும். வணிகரின் உழைப்பு வீணாகும். இங்கே ஓர் அடையாளத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். “லட்சத்துக்கு மாதம் இத்தனை ஆயிரம் தவறாமல் வரும்” என்று எவரேனும் கூறினால், அவர் தலைப்பாகை கட்டியிருந்தாலும், நெற்றியில் தொழுத தழும்பு இருந்தாலும், நீங்கள் எழுந்து வந்துவிடுங்கள். வாணிபத்தில் இலாபம் முன்கூட்டி உறுதியாவதில்லை. உறுதி கூறினால் அது வட்டி, இல்லையேல் மோசடி. ஹலால் முதலீடு என்ற பெயரில் பெங்களூரில் நடந்த ஒரு நிறுவனம் 2019-இல் சரிந்தபோது, பல்லாயிரம் குடும்பங்கள் மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் வைத்திருந்ததை இழந்தன. அக்குடும்பங்களில் பெரும்பாலானவை நம் சமுதாயத்தவை. ஹலால் என்று பலகையில் எழுதியிருப்பது போதாது. கடையில் என்ன சரக்கு இருக்கிறது, கணக்கை யார் தணிக்கை செய்கிறார் என்று பார்க்க வேண்டும். தன் பொருளில் ஒருவர் துணிந்து விளையாடலாம். பிள்ளையின் பொருளில் விளையாட அவருக்கு உரிமையில்லை.

யார் பெயரில் வைப்பது என்பதிலும் தெளிவு தேவை. “உனக்குக் கொடுத்துவிட்டேன்” என்ற எண்ணத்தோடு தந்தை சிறுபிள்ளைக்கு ஒன்றைக் கொடுத்தால், ஹிபா நிறைவேறுகிறது; பிள்ளைக்காக அதைக் கைக்கொண்டிருப்பவரும் தந்தையே. ஹனஃபி சட்டத்தில் அதன்பின் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஷாஃபிஈ சட்டம் தந்தைக்கு அதில் சற்று இடமளிக்கிறது. மாறாக, பெயர்தான் பிள்ளையுடையது, தேவைப்பட்டால் நான் எடுப்பேன் என்ற எண்ணம் இருந்தால், பொருள் இன்னும் உங்களுடையது. அதற்குரிய ஜகாத்தும் உங்கள் கணக்கிலேயே சேரும். பொன்னில் ஏறத்தாழ 87.5 கிராம், அதாவது 11 பவுனுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளியில் ஏறத்தாழ 612 கிராம். இவையே நம் நாட்டு ஆலிம்கள் குறிக்கும் நிஸாபு. ஜகாத் கொடுக்கும் நாள் வரும்போது “அது பிள்ளையுடையது” என்றும், வீடு கட்டும் நாள் வரும்போது “அது என்னுடையது” என்றும் கூறுவோர் தம் மனச்சான்றிடம் தீர்ப்புக் கேட்கட்டும்.

மகனுக்கு மனை, மகளுக்கு ஒரு சங்கிலி என்று பங்கிடுவோரும் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைக்க வேண்டும். தந்தை பஷீர் அவருக்கு ஓர் அன்பளிப்பு வழங்கினார். தாய் அம்ரா, நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினாலன்றி ஏற்கமாட்டேன் என்றார். பெருமானார் கேட்ட ஒரே கேள்வி, மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்பதுதான். இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். வாரிசுரிமைப் பங்கு வேறு; வாழும்போது கொடுக்கும் கொடை வேறு. கொடையில் ஆணையும் பெண்ணையும் சமமாக நடத்துவதே சிறந்தது என்று அறிஞர் பலர் கூறியுள்ளனர்.

அடுத்து நான் கூறப்போவதைத் தாய்மார்கள் கணவரிடம் படித்துக்காட்ட வேண்டும். தந்தை இறந்துவிட்டால், பிள்ளையின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை தாய்க்குத் தானாக வந்துவிடும் என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். நம் நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் தனியார் சட்டத்தில் அவ்வாறில்லை. 1918-இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு முதல், தாய் தம் விருப்பப்படி சிறுவரின் நிலத்தை விற்றாலும் அது செல்லாது என்பதே நிலை. தந்தை நியமித்த வஸீயும், தந்தையின் தந்தையும் அங்கே முன்னிற்பர். இதற்கு மருந்து தந்தையின் கையிலேயே உள்ளது. உயிரோடிருக்கும்போது ஒரு வஸிய்யத் எழுதி, பிள்ளைகளின் பொருளுக்குத் தாயையே வஸீயாக நியமிக்கலாம். பெண்ணை நியமிக்கலாமா என்று தயங்காதீர்கள். உமர் (ரலி) அவர்கள் கைபரில் தாம் வக்பு செய்த நிலத்திற்குத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களையே பொறுப்பாளராக எழுதிவைத்தார்கள். ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும்தான் வேண்டும். விபத்தில் கணவரை இழந்தபின் இதற்காக நீதிமன்றப் படியேறிய பெண்களை நான் அறிவேன்.

ஒப்படைக்கும் நாள் பற்றியும் திருமறை வழி காட்டுகிறது: பருவ வயதை நெருங்கும் காலத்தில் அவர்களைச் சோதித்துப் பாருங்கள், பொறுப்பறிவு தென்பட்டால் பொருளை ஒப்படையுங்கள், ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்பது ‘அந்நிஸா’ ஆறாம் வசனத்தின் கருத்து. சோதிப்பது எவ்வாறு? சிறுதொகையைக் கையில் கொடுத்து வாங்கவும் விற்கவும் விட்டுப் பார்ப்பது என்று சட்ட அறிஞர்கள் விளக்கினர். பொறுப்பறிவு வராவிடினும் 25 வயதில் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. அவர்களுடைய மாணவர்களான இமாம்கள் அபூயூஸுஃபும் முஹம்மதும் அறிவு தென்படும்வரை கொடுக்கலாகாது என்றனர். நம் நாட்டுச் சட்டமோ 18 வயது நிறைந்த அன்றே கணக்கைப் பிள்ளையின் கையில் வைத்துவிடும். ஆகவே சோதனையைப் பத்து வயதிலேயே தொடங்குங்கள். பெருநாள் காசில் ஒரு பங்கை அவனே எழுதி வைத்து, அவனே செலவிட்டு, ஏமாந்தும் பார்க்கட்டும். ஐம்பது ரூபாயில் ஏமாறும் வயது அது.

என் மகளுக்கு 2019-இல் நிகாஹ் நிச்சயமானபோது, அரைப் பவுன் பொன் நாணயம் ஒன்று வாங்கினேன். அன்று வாங்கிய பணத்தைக் கொடுத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கூறினார். நான் எடுத்தது பொன்; திருப்பவேண்டியதும் அதே எடையுள்ள பொன். விலை ஏழு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. அதுவும் பொறுத்துக்கொள்ள வேண்டியதே. என் வீட்டாரையும் இளைய மகனையும் சாட்சியாக அமர்த்தி, நடந்ததைக் கூறி, நாணயத்தை அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மோதிரம் சரி, அத்தா. பெருநாள் காசு?” என்றாள்.

என் வீட்டார் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். எட்டு வயதுவரையிலான கணக்கு அதில் இருந்தது. பின் வந்த ஆண்டுகளுக்குப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. அன்று இஷாவுக்குப் பின், யார் யார் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று நால்வரும் நினைவுகூர்ந்து, கூட்டி எழுதினோம்.